உள்ளே நாலு பேர்

இன்வர்கார்கில், நியூஸிலாந்து
செப்டம்பர் 4

அன்புள்ள எம்லினுக்கு,

அக்கா எழுதுகிறேன். இடது முழங்காலைத் தவிர நான் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? ஃபோன் செய்தால் அப்படி ஓர் இணைப்பே இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். மிகவும் பணிவாகச் சொல்கிறாள்; ஆகவே நம்ப முடியவில்லை.

உன் அத்தான் மர்டோ போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டை விற்றாயிற்று. மகன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். மருமகள் நல்லவள். நான் வைத்த இடத்திலிருந்து என் தேநீர்க் கோப்பையை எடுத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் வைப்பாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை. முகம் சுளித்ததில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஏப்ரலில் ஊருக்கு வருகிறேன். பார்த்துவிட்டுப் போக அல்ல, இருக்க. நம் கெல்லி வீட்டில் சமையலறைக்கு மேலே இருக்கிற என் அறை போதும். நாற்பத்தாறு வருடமாக அதில் எதையெதைப் போட்டு அடைத்திருக்கிறாயோ, எடுத்துவிடு. வாடகையில் பாதி என்னுடையது. வீட்டுக்காரர் கேப்டன் கிழவர் இறந்த பிறகு அவர் மகன் வாடகையை ஏற்றினானா? நீ எழுதவே இல்லை.

சரக்கறைக் கதவு நிலையில் அப்பா கத்தியால் நம் உயரத்தைக் கீறி வைப்பாரே, அதில் என் ஒன்பது வயதுக் கோடு தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து எழுது. பேத்தி கேட்கிறாள். தன்னைவிட நான் குள்ளம் என்று பந்தயம் கட்டியிருக்கிறாள்.

மழையில் தொப்பி இல்லாமல் போகாதே.

அன்புடன்,
நெஸ்ட்டா

*

பென்ட்ரவெர்ன்
செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலை விசாரித்ததாகச் சொல். என் இருமல் என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது.

ஃபோன் கம்பி மார்ச் மாதப் புயலில் அறுந்தது. ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் கடிதத்தை மேல் பண்ணை கெத்தின் ப்ராபர்ட் விலாசத்துக்கு அனுப்பு. தபால்காரன் புதுசு, நாய்க்குப் பயப்படுகிறான். நான் செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் கெத்தினிடம் போய் வாங்கிக்கொள்கிறேன்.

ஊர்ச் செய்தி. நம் சிற்றாலயத்தை பிரிஸ்டலிலிருந்து ஒரு தம்பதி வாங்கிவிட்டார்கள். பிரசங்க மேடை இருந்த இடத்தில் கட்டில். பாவிகள் வேகும் கொப்பரையைப் பற்றிச் சின்ன வயதில் ஞாயிறு தவறாமல் கேட்டோமே, அதைப் பின்முற்றத்தில் மரத்தால் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் வெந்நீர் நிரப்பி, உட்கார்ந்து மது குடிக்கிறார்கள். போதகர் ஒரு விவரத்தை விட்டுவிட்டார்: அதற்கு முன்பதிவு செய்ய வேண்டும் என்பதை.

சாலைப் பணியாளர்களுக்கென்று மாவட்டம் கட்டிய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. கணக்குப் போட்டேன். நான் பனிவண்டி ஓட்டிய முப்பத்திரண்டு வருடச் சம்பளத்தையும் சாப்பிடாமல் சேர்த்திருந்தால் சமையலறை வரைக்கும் வாங்கியிருக்கலாம். குளிர்காலம் முழுக்க அந்தச் சாலையில் பனியைத் தள்ளியது யார் வந்து சேர்வதற்காக என்பது இப்போதுதான் புரிகிறது.

நான் சும்மா இல்லை. விடுமுறைக்கு விடுகிற வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை பழைய ஆட்கள் போனதும் துடைத்து, படுக்கை மாற்றி, அடுப்பு மூட்டி வைக்க வேண்டும். ஐந்து வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. நம் குடும்பத்தில் ஐந்து வீட்டுச் சாவி வைத்திருக்கும் முதல் ஆள் நான்தான்.

ஏப்ரல் அவ்வளவு நல்ல மாதம் இல்லை, அக்கா. கூரையில் வேலை இருக்கிறது. கோட்டைப் பிறகு அளக்கிறேன். சரக்கறைக்கு முன்னால் சாமான் கிடக்கிறது.

உன் தம்பி,
எம்லின்

*

இன்வர்கார்கில்
அக்டோபர் 20

அன்புள்ள எம்லின்,

நலமா? இங்கே வசந்தம். ஆட்டுக்குட்டிகள் தப்பான மாதத்தில் பிறக்கின்றன. நாற்பத்தாறு வருடத்தில் எனக்கு இது பழகவில்லை.

என்ன நாய்? அப்பாவின் நாய்க்குப் பிறகு நாயே வேண்டாம் என்று சொன்னவன் நீ. அதன் பெயர் என்ன?

கூரை ஒழுகினால் வாளி வைத்துக்கொள்வோம். நாம் வளர்ந்ததே வாளிச் சத்தத்தில்தான். மேசையையும் அலமாரியையும் விற்றுவிட்டேன். இனி பின்வாங்க முடியாது என்பதற்காகவே விற்றேன். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

நேற்று பேத்திக்குக் குதிரைத்தலை ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னேன். நிஜக் குதிரை மண்டையோட்டைக் கம்பில் கட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, ஜனவரி இருட்டில் வீடு வீடாக வருவார்கள், வாசலில் நின்று ஓர் அடி பாடுவார்கள், உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்காமல் பதில் அடி பாட வேண்டும், யாருக்குப் பாட்டு தீர்ந்துபோகிறதோ அவர்கள் தோற்றார்கள், உள்ளே இருப்பவர்கள் தோற்றால் கதவைத் திறந்து கேக்கும் பீரும் தர வேண்டும் என்றேன். "முதல்லயே திறந்துட்டா என்ன பாட்டி?" என்றாள். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை.

அப்பா ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. பாவம் என்று அம்மாதான் கதவைத் திறந்துவிடுவாள். அவர் எப்போதும் தொடங்குகிற அடி நினைவிருக்கிறதா? நம் வீட்டில் நாற்காலி மூன்றுதான் என்பதை ஊருக்கே பாடிக் காட்டுவார்.

சாமானை நகர்த்திவிட்டு அள.

அன்புடன்,
நெஸ்ட்டா

*

பென்ட்ரவெர்ன்
நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குளிர் வந்துவிட்டது. நாய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

நான்கு அடி இரண்டு அங்குலம். பேத்தியிடம் பணத்தை வாங்கிக்கொள். நீ அன்று குதிகாலைத் தூக்கியிருந்தாய் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அளக்கக் கொஞ்சம் நாள் பிடித்தது. கோட்டின் மேல் பெயின்ட் இருந்தது. நகத்தால் சுரண்ட வேண்டியதாயிற்று.

இங்கே குளிர்காலத்தில் மாலை எப்படி இருக்கும் என்று கேட்டால் இப்படித்தான் இருக்கும்: சரியாக ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பதினொரு வீட்டில் ஒரே நொடியில் விளக்கு எரியும். பத்து மணிக்கு ஒரே நொடியில் அணையும். திருடன் வராமலிருக்க வைத்த விசை. அந்தப் பதினொரு வீட்டிலும் ஆள் இல்லை. சாலையில் நின்று பார்த்தால், இறந்துபோனவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை முடிந்து வீடு திரும்பினது போலத் தோன்றும். உயிரோடு இருந்தபோது அவர்கள் இவ்வளவு நேரம் தவறாமல் இருந்ததில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் ஒன்றுக்கு ஆந்தைக் குடில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆந்தை எதுவும் இல்லை. அங்கே ஆவி நடமாடுவதாகப் பேச்சு. வந்து தங்கியவர்கள் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். ஒரு பெண், தான் வந்தபோது கெண்டி இளஞ்சூடாக இருந்தது என்று எழுதியிருக்கிறாள். சுவரோரக் கட்டிலில் ஒருவர் படுத்தெழுந்த பள்ளம் இருந்ததாம். ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார்: "யாரோ எங்களை மன்னித்தது போல உணர்ந்தோம். ஐந்து நட்சத்திரம்."

அந்த ஆவியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம். பாத்திரத்தைக் கழுவி வைக்கிறது. வெங்காயம் வதக்குவதில்லை, வாசனை நிற்கும். விளக்குப் போடுவதில்லை. தன்னால் யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்று கவனமாக இருக்கிறது. கொஞ்ச நாள் அப்படி இருந்தால் பழகிவிடும் என்று நினைக்கிறேன். கண்ணாடி முன்னால் போனால் மட்டும் திடுக்கிடும்.

ஏப்ரலைப் பற்றி யோசி.

எம்லின்

*

இன்வர்கார்கில்
டிசம்பர் 1

எம்லின்,

நலம் விசாரித்து எழுத இன்று பொறுமை இல்லை. நேராகக் கேட்கிறேன்.

உன் கடிதத் தாளின் மேல் பக்கம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கிறது. ஓரத்தில் ஓர் ஆந்தையின் காது மிச்சம் இருக்கிறது. சரக்கறைக் கதவு நிலையில் பெயின்ட். அப்பா இருந்தவரை அந்த வீட்டில் சுண்ணாம்பைத் தவிர ஒன்றும் பூசியதில்லை. நீ தூரிகையைத் தொட்டதே இல்லை. பெயர் இல்லாத நாய். வெங்காயத்தைப் பற்றி இவ்வளவு அக்கறை. கடிதம் வீட்டுக்கு வரக் கூடாது. ஃபோன் இணைப்பு இல்லை. அக்கா ஏப்ரலில் வரக் கூடாது.

யார் அவள்?

எனக்குக் கோபம் இல்லை. அறுபத்தேழு வயதில் உனக்கு ஒருத்தி கிடைத்தால் நான் சந்தோஷப்படத்தான் செய்வேன். அவளுக்காகப் பரிதாபமும் படுவேன். என் அறையை அவள் எடுத்துக்கொண்டாளா என்று மட்டும் சொல். நான் எங்கே படுப்பது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு வேறு இடம் இல்லை.

நெஸ்ட்டா

*

பென்ட்ரவெர்ன்
டிசம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. குடும்பத்தாருக்கும் சொல். உடம்பு பரவாயில்லை.

நீ கண்டுபிடித்துவிட்டாய். மறைத்ததற்கு மன்னித்துக்கொள். அவளுக்கு வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகம் பிடிக்காது. சுத்தக்காரி. தினமும் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். சனிக்கிழமைகளில் என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவாள். சில வாரம் திரும்பக் கூப்பிடவும் மாட்டாள். மற்றபடி நல்லவள்.

உன் அறையில் இப்போது யாரும் இல்லை. அது உண்மை.

எம்லின்

*

மேல் பண்ணை, பென்ட்ரவெர்ன்
ஜனவரி 15

அன்புள்ள நெஸ்ட்டா,

கெத்தின் ப்ராபர்ட் எழுதுகிறேன். உன் சைக்கிளை ஓடையில் தள்ளியவன். மர்டோ இறந்ததற்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். நாங்கள் நலம். ஆடுகள் நலம்.

நேற்று முன்தினம், பழைய நாட்காட்டிப்படி புத்தாண்டு மாலை, குதிரைத்தலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அந்தக் காலத்தில் இருபது பேர் வருவார்கள். இப்போது ஆறு பேர். விளக்கு எரிகிற வீடாகப் பார்த்துப் பாடினோம். எங்கேயும் பதில் இல்லை. எட்டாவது வீட்டில் குதிரைக்கே வெட்கமாகிவிட்டது. என் மருமகன் டோரியன்தான் துணிக்குள்ளே இருந்தான்.

"மாமா, ஆளில்லாத வீட்டுக்கெல்லாம் எதுக்குப் பாடுறோம்? பல்லு கிட்டிப் போச்சு. போலாம் வாங்க."

"உன் பல்லா, குதிரைப் பல்லா?"

"ரெண்டும்தான்."

கடைசியாகக் கெல்லி. அங்கே ஐந்து மணிக்கு எரியும் விளக்கு கெட்டுப்போய் ஒரு வாரம் ஆகிறது. வீடு கரியாக இருந்தது. அவன் திரும்பிப் போகப் பார்த்தான். "டேய், எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்த வாசலைத் தாண்டிப் போனதில்ல. ஒரே ஒரு அடி பாடிட்டுப் போயிடுவோம்" என்று நான்தான் நிறுத்தினேன். பாடினோம். முடித்து மூச்சு வாங்குகிறோம், உள்ளேயிருந்து, அந்தக் கும்மிருட்டிலிருந்து ஒரு குரல்:

உள்ளே நாலு பேர், நாற்காலி மூணு,
குதிரையே, உனக்கு ஏது இடம்?
வந்த வழியைப் பார்த்துப் போனால்
வாலாவது மிஞ்சும்.

டோரியன் குதிரையைப் போட்டுவிட்டு ஓடினான். தாடை எலும்பு உடைந்துவிட்டது. மற்றவர்களும் ஓடினார்கள். மூட்டு வலியால் நான் மட்டும் நின்றேன். வீரம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அப்பாவின் பாட்டு, உன் அப்பாவின் குரல், அவர் ஆவிதான் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் உள்ளே ஓர் இருமல் கேட்டது. உன் அப்பாவுக்கு இருமல் கிடையாது.

பதில் பாடாமல் இருக்க அவனால் முடியவில்லை, நெஸ்ட்டா. ஒரு வருடமாக ஒரு தும்மல்கூட வெளியே வராமல் அங்கே இருந்தவன். வாசலில் குதிரை வந்து பாடினால் எவன்தான் சும்மா இருப்பான்? நானாக இருந்தாலும் பாடியிருப்பேன்.

அவன் உனக்கு ஒன்றும் எழுதியிருக்க மாட்டான். ஆகவே நான் எழுதுகிறேன். கேப்டன் மகன் முந்தின வருடம் ஆறு மாதக் கெடு கொடுத்து அவனைக் காலி செய்யச் சொன்னான். வெள்ளையடித்து, ஆறு நாற்காலி போட்டு, ஆந்தைக் குடில் என்று பெயர் வைத்துவிட்டான். துடைத்து வைக்க எம்லினையே வேலைக்கும் வைத்துக்கொண்டான். அந்த வீட்டுப் புகைபோக்கியின் குணம் வேறு யாருக்கும் தெரியாது. எம்லின் இங்கே இருபது மைலுக்குள் வாடகைக்கு வீடு தேடினான். ஒன்று கிடைத்தது, அதற்கு அவன் ஓய்வூதியமும் இன்னொருத்தன் ஓய்வூதியமும் வேண்டும். இப்போது எந்த வீடு காலியோ அதில் படுக்கிறான். எதுவும் காலி இல்லாத வாரம் அவன் பழைய வேன் வண்டியில். எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"எங்க மாடி சும்மாதான் கெடக்கு. வந்து இரேன்டா."

"எனக்கு வீடு இருக்கு, கெத்தின். அஞ்சு இருக்கு."

அதற்கு மேல் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை வருவதையும் நிறுத்திவிடுவான். நாய் எதுவும் கிடையாது.

இன்னொரு செய்தி. வருடத்தில் நூற்றெண்பத்திரண்டு இரவு ஆள் தங்கினால்தான் விடுமுறை வீடு என்று வரிச் சலுகை. இல்லையென்றால் வரியைத் தீட்டிவிடுவார்கள். கெல்லியில் இரவு குறைந்துகொண்டே வந்தது. கேப்டன் மகன் விற்கலாமா என்று தரகரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் வேலி கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆவி இருக்குன்னு எல்லாரும் எழுதுறாங்களே, விலை குறைஞ்சிடுமா?"

"குறையவா? விளம்பரத்துல முதல் வரியே அதான் சார். ஆனா சாதுவான ஆவின்னு போடணும். குழந்தைங்களோட வர்றவங்க இருக்காங்க."

இப்போது ஈஸ்டர் வரை ஏறக்குறைய நிரம்பிவிட்டது. ஓர் இரவுக்கு நாற்பது பவுண்டு ஏற்றிவிட்டார்கள். உயிரோடு இருக்கிற எம்லினால் அந்த வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியவில்லை. ஆவியாக அவன் நன்றாகச் சம்பாதித்துக் கொடுக்கிறான். வீட்டு விலை நான்கு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டு. ஈஸ்டர் முடிந்ததும் விற்பனைப் பலகை நடுவார்கள்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதினேன்.

கெத்தின்

*

இன்வர்கார்கில்
பிப்ரவரி 3

அன்புள்ள கெத்தின்,

உன் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கடிதத்துக்கு நன்றி. சைக்கிளை மன்னித்துவிட்டேன்.

எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லாதே. நான் கேட்டதைப் போலவே தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவனும் சொன்னதைப் போலவே சொல்லிக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பொய்க்காரன் என்று சொன்னதில்லை.

உன் மாடியில் எத்தனை அறை? எத்தனை ஜன்னல்? வாடகை எவ்வளவு? சும்மா என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

ஏப்ரலுக்குள் குதிரையின் தாடையைச் சரி செய்து வை.

நெஸ்ட்டா

*

பென்ட்ரவெர்ன்
பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? முழங்காலா?

அவள் போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆகவே அவளால் பிரச்சினை இல்லை. ஆனால் கூரை வேலை நினைத்ததைவிடப் பெரியது. வீட்டையே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். பலர் வந்து பார்க்கிறார்கள். சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் சரக்கறைக் கதவு நிலையில் இருக்கிற கோடுகளைப் பார்த்து, "இது ஒரிஜினலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மனைவி, "பாருங்க, எவ்ளோ தத்ரூபமா பண்ணியிருக்காங்க" என்றாள்.

ஊர்வலத்தன்று குதிரையின் தாடை உடைந்துவிட்டதாம். நான் போகவில்லை. சளி.

ஈஸ்டர் வாரம் ஐந்து வீடும் நிரம்பிவிட்டன. எனக்கு வெளிக்காற்று நிறையக் கிடைக்கும். ஆந்தைக் குடிலுக்கு ஏப்ரல் எட்டு, சனிக்கிழமை முதல் ஏழு இரவுக்கு ஒருவர் வருகிறார். இப்போதெல்லாம் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தனியுரிமை என்கிறார்கள். 'பெரியவர் ஒன்று, நாய் இல்லை' என்று மட்டும் தாளில் வருகிறது. தனியாக வந்து ஆறு நாற்காலி இருக்கிற வீட்டில் ஏழு இரவு என்ன செய்யப்போகிறாரோ. பாவம், யாரும் இல்லாதவர் போலிருக்கிறது.

எழுது.

எம்லின்

*

இன்வர்கார்கில்
மார்ச் 12

அன்புள்ள எம்லின்,

நலமாகத்தான் இருக்கிறேன். சோம்பல், வேறொன்றுமில்லை.

நன்றாக யோசித்தேன். நீ சொல்வது சரி. ஏப்ரலில் வரவில்லை. இலையுதிர்காலத்தில் பார்க்கலாம். மகனும் பின்னறையில் வேறு ஜன்னல் வைத்துத் தருவதாகச் சொல்கிறான். உன் கூரையைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்.

அந்த ஈஸ்டர் விருந்தாளிக்கு என்ன பரிதாபம் வேண்டிக்கிடக்கிறது? காசு கொடுத்துத்தானே வருகிறார்? நல்ல படுக்கையாகப் போட்டு வை. சமையலறைக்கு மேல் அறைதான் கதகதப்பு என்று உனக்கே தெரியுமே. அதாவது, எந்த வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
நெஸ்ட்டா

*

பென்ட்ரவெர்ன்
ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ வராதது நல்லதுதான். பாதைகள் சேறாக இருக்கின்றன.

நீ சொல்லிவிட்டாயே என்று பழக்கத்தில் உன் அறையின் ஜன்னலைத் திறந்து இரண்டு நாள் காற்றோட்டம் விட்டிருந்தேன். கடிதம் வந்ததும் மூடிவிட்டேன். அந்த ஜன்னலின் கொக்கி இன்னும் இடதுபக்கம் தூக்கித்தான் மூட வேண்டும்.

வேறு செய்தி இல்லை. ஊரில் இப்போது ஆந்தையும் இல்லை, நாயும் இல்லை.

எம்லின்

*

கெல்லி, பென்ட்ரவெர்ன்
ஏப்ரல் 8, சனிக்கிழமை, மாலை நான்கு மணி

அன்புள்ள எம்லின்,

இந்தக் கடிதத்துக்கு அஞ்சல்தலை இல்லை. நீ சனிக்கிழமை வாங்க வருவாய் என்று தெரியும். கெத்தின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படி. அவன் மனைவியிடம் நாற்காலி கேள்.

பெரியவர் ஒன்று, நாய் இல்லை. வந்து சேர்ந்தேன். முழங்கால் வழக்கம்போல.

நான் வந்தபோது கெண்டி இளஞ்சூடாக இருந்தது. நீ பத்து நிமிடம் முன்னால்தான் போயிருக்கிறாய். அடுப்பு நன்றாக எரிகிறது. புகை உள்ளே வரவில்லை. சுவருக்கு என்ன நிறம் இது? பால் திரிந்த நிறம். மண் சட்டிகள் இருந்த இடத்தில் 'வீடு' என்று மரத்தில் எழுத்து வெட்டி மாட்டியிருக்கிறார்கள். வந்து தங்குகிறவர்கள் மறந்துவிடுவார்கள் போலிருக்கிறது. நான் அதைக் கழற்றி அலமாரியில் வைத்தேன்.

சரக்கறைக் கதவு நிலையைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை அத்தனை கோடுகளையும் சுரண்டி எடுத்திருக்கிறாய். என் ஒன்பது வயது மட்டும்தானே கேட்டேன். உன் ஏழு வயதுக் கோட்டின் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மேலே போனேன். என் அறையில் சுவரோரக் கட்டிலில் போர்வை நீவி விடப்பட்டிருந்தது. ஆனால் தலையணையை மடித்து வைக்கும் பழக்கத்தை நீ இன்னும் விடவில்லை. அம்மா அதற்காக உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பாள்.

நீ ஒன்றும் விளக்க வேண்டாம். நானும் உன்னிடம் பொய் எழுதினேன், சரிக்குச் சரி.

இப்போது முக்கியமான விஷயம். மர்டோவோடு வாழ்ந்த வீட்டை விற்ற பணத்தில் இந்த வீட்டின் சமையலறையும் மாடிப்படியில் பாதியும் வாங்கலாம். ஆகவே வாங்கப்போவதில்லை. ஏழு இரவு நமக்கு. எட்டாம் நாள் காலை நீயே இதைத் துடைத்து, படுக்கை மாற்று. அடுத்த சனிக்கிழமை சாவியை அவர்களிடமே கொடுத்துவிடு. ஐந்தையும். இனி அந்த வீட்டில் ஆவி கிடையாது. விலையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எட்டாம் நாள் மாலை முதல் கெத்தினுடைய மாடி. இரண்டு அறை, மூன்று ஜன்னல். வாடகை உண்டு, நான் பேசி ஏற்றினேன். பாதி நீ, பாதி நான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன், "ஏத்தாதே நெஸ்ட்டா, குறைச்சுக் கேளு, அதானே முறை" என்று அழாத குறையாகச் சொன்னான். உனக்கு யாரும் தருமம் செய்யவில்லை. வாடகைக்கு ஆள் தேவைப்பட்டவனுக்கு ஆள் கிடைத்திருக்கிறது.

ஆனால் இன்று இங்கே. ஆறு மணிக்குக் கெத்தின் குதிரையை எடுத்துக்கொண்டு வருகிறான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறான். ஏப்ரலில் குதிரைத்தலை வந்ததாக எந்தக் காலத்திலும் கேள்விப்பட்டதில்லை என்கிறான். ஜனவரியில் வந்தபோது இந்த ஊர் திறந்ததா என்று கேட்டேன். டோரியன் துணிக்குள் நுழைய மாட்டேன் என்று சொல்லிவிட்டான். இந்த வாசலுக்கு அவன் வர மாட்டானாம். ஆகவே குதிரை நீதான்.

வெளியே நின்று தட்டு. முதல் அடியைச் சத்தமாகப் பாடு; இருமினாலும் பரவாயில்லை. நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். இந்த வீட்டிலிருந்து யாரும் இதுவரை தோற்றதில்லை என்பது எனக்கும் தெரியும். இரண்டு தட்டு வைத்திருக்கிறேன். வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கிறது, வீடு முழுக்க வாசனை.

உள்ளே ஒருத்தி, நாற்காலி ஆறு. அதற்கு மேல் எனக்குப் பாட்டு வரவில்லை.

நெஸ்ட்டா